நட்பும் நடுவுநிலைமையும்

அரசியலில் நிலையான நண்பரும் இல்லை, நிலையான பகைவரும் இல்லை என்பார்கள். இதைச் சொல்லியே எல்லாத் தாவல்களையும் மன்னித்து விடுகிறோம். நண்பர் பகைவரானது எதன் பொருட்டு என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கு ஒரு சான்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிரையன் கெம்ப்புக்கும் குடியரசுத் தலைவர் டொனால்டு டிரம்ப்புக்கும் இடையே நிகழ்ந்த உறவும் பிரிவும்.

அமெரிக்க ஆளுநர் நியமனம் பெற்று வருபவர் அல்லர். மக்கள் வாக்கால் வருபவர். நம் முதலமைச்சருக்கு ஒப்பானவர். 2018இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராவதற்குக் கெம்ப் போட்டியிட்டபோது டிரம்ப் அவரை ஆதரித்தார். கெம்ப் வென்று ஆளுநரானார்.

2020 நவம்பரில் வந்தது சோதனை. அங்கே தேர்தல் நடத்தி, வாக்கெண்ணி, முடிவை உறுதி செய்வது அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. ஜார்ஜியாவில் பதிவான ஏறத்தாழ 50 லட்சம் வாக்குகளில், 11,779 வாக்கு வேறுபாட்டில் டிரம்ப் தோற்றார். ஜோ பைடன் வென்றார். கையாலும் எண்ணினர்; இயந்திரத்தாலும் மறுபடி எண்ணினர். வெற்றி மாறவில்லை. கெம்ப் சட்டப்படி கையொப்பமிட்டார். முடிவை மாற்றச் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டுமாறு டிரம்ப் வற்புறுத்தினார். சட்டம் இடந்தராது என்று கெம்ப் மறுத்தார்.

நேற்றைய நண்பர் அன்றே பகைவரானார். 2022 உட்கட்சித் தேர்தலில் டேவிட் பெர்டியூ என்பவரை டிரம்ப் எதிர்நிறுத்தினார். கெம்ப் பெற்றதோ 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாக்குகள்! 2024 ஆகஸ்டில் அட்லாண்டா கூட்டத்தில் கெம்ப்பைச் சாடிய டிரம்ப், அதே மாதத்தில் அவருக்கு நன்றியும் கூறினார். கெம்ப்பும் அவர் வெற்றிக்குத் துணை நின்றார்.

கெம்ப்பை வானளாவப் புகழ்வது என் நோக்கமன்று. 2018இல் தாம் போட்டியிட்ட தேர்தலை மேற்பார்க்கும் மாநிலச் செயலர் பதவியிலும் அவரே இருந்தார், அது முறையன்று. சட்டத்தை மீறச் சொன்னவரையே மீண்டும் ஆதரித்ததும் என் நெஞ்சை உறுத்துகிறது. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. ஆதரவு அவருடைய விருப்பம். கையொப்பம் மக்களுடைய உடைமை. விருப்பத்தை மாற்றிக் கொண்டவர், கையொப்பத்தை விலைபேசவில்லை.

‘நடுவு நிலைமை’ என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அரசியல் பேசும் பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், இல்லறத்தார்க்குரியதாக வைத்தார். அது ஆள்வோர்க்கு மட்டும் உரியதன்று, நம் எல்லார்க்கும் உரியது என்பதே அதன் பொருள் எனலாம்.

மாணவ நண்பர்களே! நாளை நம்முள் சிலர் ஆசிரியர்களாவோம். வாக்குச் சாவடியில் அலுவலர்களாக அமர்வோம். நமக்கு உதவியவர் ஒருநாள் நம் மேசைக்கு முன் வந்து நிற்பார். நன்றிக்கடனை நம் பொருளால் தீர்க்கலாம், உழைப்பால் தீர்க்கலாம். பிறருடைய வாக்கையும் மதிப்பெண்ணையும் எடுத்துத் தீர்க்க நமக்கு உரிமையில்லை.