யாருக்கான தலைமைப் பயிற்சி?

பெண்கள் வேலையில் ஏன் முன்னேறவில்லை? தலைமைப் பண்பு வளர்ச்சிப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கிறது. தன்னம்பிக்கை போதவில்லை, தயங்காமல் பேசத் தெரியவில்லை, நேரத்தைத் திட்டமிடத் தெரியவில்லை. குறை பெண்ணிடம் இருக்கிறது, மருந்து எங்களிடம் இருக்கிறது என்கிறார்கள். ஐ.டி. கம்பெனியின் ஏசி அறையிலிருந்து கார்மெண்ட்ஸ் ஆலையின் கேண்டீன் வரை இதே பாட்டுதான்.

இந்தப் பாட்டைக் கன்னிவாடியில் பாடிப் பாருங்கள். பழனி மலை அடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூர் ஒரு காலத்தில் பாளையம், பிறகு ஜமீன். நிலம் யார் கையில் இருக்க வேண்டும், அதில் நாற்று நடும் கை யாருடையதாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் சாதி முடிவு செய்த நிலப்பரப்பு இது. இந்த அடிவாரத்துக் காலனிகளிலிருந்து வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு, காட்டு வேலையை விட்டால் திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளும் கார்மெண்ட்ஸ் ஆலைகளும்தான் கதி. பொழுது விடியும் முன் சமைத்து வைத்துவிட்டு கம்பெனி வேனில் ஏறுகிறாள். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் டார்கெட்டைத் துரத்துகிறாள். குழுக்கடனை அடைக்கிறாள், தம்பியைப் படிக்க வைக்கிறாள். இவளுக்கா திட்டமிடத் தெரியாது? இவளுக்கா தைரியம் இல்லை? அவளிடம் இல்லாதது அதிகாரம். அதை எந்தப் பயிற்சியும் கையில் எடுத்துக் கொடுப்பதில்லை.

இது வெறும் கோபம் அல்ல, கணக்கும் இருக்கிறது. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், 2007-ல் ‘பேஸ்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஆடை ஆலைகளில் வேலை செய்யும் பெண்களின் தனிப்பட்ட முன்னேற்றமும் பணி உயர்வும்தான் நோக்கம் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்ட திட்டம். தகவல் தொடர்பு, பிரச்சினைகளைத் தீர்ப்பது, நேரத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது என்று பாடப் பிரிவுகள் நீள்கின்றன. சாதி என்று ஒரு பிரிவு அதில் இல்லை. பெங்களூரு ஆடை ஆலைகளில் சுமார் 80 மணி நேரம் நடந்த இந்தப் பயிற்சியின் பலனை அத்வர்யு, கலா, நிஷாதம் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்களின் உற்பத்தித் திறன் நன்றாகவே உயர்ந்திருந்தது. பயிற்சி முடிந்த எட்டே மாதங்களில், கம்பெனி போட்ட பணத்துக்குக் கிடைத்த நிகர வருவாய் 250 சதவீதத்துக்கும் மேல். அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது தெரியுமா? அரை சதவீதம்.

அந்தப் பெண்கள் கற்றார்கள், திறமை கூடியது, அதை உழைப்பில் காட்டவும் செய்தார்கள். விளைந்ததைக் கம்பெனி அள்ளிக்கொண்டது. அரை சதவீதத்தில் என்ன பணி உயர்வு? இதற்கு ‘பெண்களை அதிகாரப்படுத்துதல்’ என்று பெயர் வைக்கிறார்கள். என் அகராதியில் இது உற்பத்திப் பயிற்சி.

சம்பளத்தை விடுங்கள், உயிர்?

2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டம் கைத்தியன்கோட்டையில் உள்ள நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த ஓர் இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைது செய்யப்பட்டவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அவர் நீண்ட நாளாகத் தொல்லை கொடுத்துவந்தார் என்று குடும்பத்தினரும் சக தொழிலாளர்களும் சொன்னார்கள். திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுக்குச் சொந்தமான ஆலை அது. உலகத்துக்கெல்லாம் நெறிமுறை பேசும் பிராண்டுகளுக்குத் துணி தைத்த ஆலை.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டம் காகிதத்தில் இருந்தால் போதுமா? லைனில் நிற்கும் பெண் தலித், அவள் டார்கெட்டையும் லீவையும் தீர்மானிக்கும் சூப்பர்வைசர் ஆதிக்கச் சாதி ஆண் என்றால், புகார் எழுதிய மறுநாள் அவளுக்கு வேலை இருக்குமா? ‘துணிந்து பேசுங்கள்’ என்று வகுப்பெடுப்பவர், பேசிய பிறகு என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

பேசிய பிறகும் பாதுகாப்பு இருக்கும்படி செய்தவர்கள் அந்தப் பெண்களும் அவர்களது சங்கமும்தான். 2013-ல் தொடங்கப்பட்ட, பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் (டி.டி.சி.யூ.) என்ற சங்கத்தின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் தலித் பெண்கள். திவ்யராகினி அதன் தலைவர். கொலையான பெண்ணின் குடும்பத்தோடு நின்று ஓராண்டுக்கும் மேல் அந்தச் சங்கம் போராடியது. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளும் கைகோத்தன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் முதலில் இணைந்தது. கேப்பும் பி.வி.எச்.சும் பிறகு வந்தன. ஆமாம், அதே கேப்தான்.

இது நல்லெண்ண அறிக்கை அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பாலின வன்முறையோடு சாதி வன்முறையையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. ஆலை மீறினால் பிராண்டுகள் வணிக நடவடிக்கை எடுக்கவும் கடமைப்பட்டிருந்தன. தைக்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் உருவாக்கப்பட்டு, சங்கத்தின் பயிற்சி பெற்று, லைனிலேயே பிரச்சினைகளைக் கவனித்தார்கள். முதல் ஆண்டில் பதிவான 185 புகார்களில் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. வாய் திறந்தால் வேலை போகும் என்றிருந்த இடத்தில் 185 முறை வாய் திறந்திருக்கிறார்கள்.

‘அப்படியானால் பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திண்டுக்கல்லிலும் பயிற்சி நடந்ததே! ஆனால் அங்கே பயிற்சி பெற்ற பெண்ணுக்குப் பின்னால் சங்கம் நின்றது, சங்கத்துக்குப் பின்னால் ஒப்பந்தம் நின்றது. அவள் கற்றுக்கொண்டதை சூப்பர்வைசருக்கு எதிராகவும் பயன்படுத்த முடிந்தது. கம்பெனி நடத்தும் தலைமைப் பயிற்சி எதற்கு வேண்டுமானாலும் உங்களைத் தயார்படுத்தும். கம்பெனியோடு பேரம் பேசுவதற்கு மட்டும் தயார்படுத்தாது.

நம்முடைய வரலாற்றிலும் தலைமை இப்படி வகுப்பறையில் வந்ததில்லை. 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சுலோச்சனா டோங்ரே. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டிருந்தார்கள், அம்பேத்கர் உரையாற்றினார். அந்தப் பெண்கள் கூடித் தீர்மானம் போட்டார்கள், உரிமையைக் கேட்டார்கள், அந்தக் கூடுதலில் தலைவர்கள் ஆனார்கள். சென்னையில் மீனாம்பாள் சிவராஜ் தலைவரானதும் இயக்கத்தில்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நாளை ஏதாவதொரு அலுவலகத்தில் இப்படியொரு பயிற்சியில் உட்காருவீர்கள். சிலர் எச்.ஆர். பிரிவிலோ சி.எஸ்.ஆர். பிரிவிலோ இருந்து நடத்தவும் செய்வீர்கள். அப்போது கையைத் தூக்கிச் சில கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக்குத் தேர்வானவர்கள் எந்தெந்தச் சாதி, யார் தேர்வு செய்தது? இதை முடித்தவர்களில் எத்தனை பேர் சூப்பர்வைசர் ஆனார்கள், அவர்களில் தலித் பெண்கள் எத்தனை பேர்? சம்பளம் எத்தனை ரூபாய் கூடியது? புகார் குழுவில் தலித் பெண் இருக்கிறாரா? இங்கே சங்கம் வைக்கலாமா?

கடைசிக் கேள்வியைக் கேட்டவுடன் பயிற்சியாளரின் முகத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்துக்கு எந்த அளவு தலைமைப் பண்புள்ள பெண்கள் வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.