புதினத்தைப் புறந்தள்ளுவதோ?

கதை படிப்பது காலக்கேடு என்னும் கருத்து தமிழன்பர் சிலரிடம் இன்னும் வேரூன்றி நிற்கின்றது. இலக்கணமும் சொல்லாய்வும் கற்ற அவர்கள், பெட்டிக்கடையில் தொங்கும் துப்பறி புதினத்தையும், பெண்டிர் கைப்பேசியிற் படிக்கும் காதற் புதினத்தையும் கண்ட அளவிலேயே முகஞ்சுளித்து அகல்கின்றனர். பரிசு பெற்ற இலக்கியப் புதினமேயாயினும், அட்டையில் ஒரு வடசொல் தென்பட்டால் உள்ளே திறந்து பார்ப்பதில்லை. இதனை மொழிப்பற்று என்பதினும் பிழை என்பதே பொருந்தும். பள்ளியை விட்டபின் தமிழ்மக்களுட் பெரும்பாலோர் தம் விருப்பத்தால் நாடிப் படிக்கும் தமிழ், செய்தித்தாளை விட்டால் கதைத் தமிழே. அங்கு மொழி கெட்டபின் அகரமுதலிகளை அடுக்கி வைத்து ஆவதென்ன?

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. புதுக்கோட்டை மாவட்டமே போதும். ஞானபீடப் பரிசினைத் தமிழுக்கு முதன்முதற் கொணர்ந்த அகிலன், இம்மாவட்டத்துப் பெருங்களூரில் 1922இல் பிறந்தவர். தொடர்வண்டி அஞ்சற் பிரிவிற் பணியாற்றியவர். அவர்தம் 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமிப் பரிசையும், 'சித்திரப்பாவை' 1975ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசையும் பெற்றன. முன்னதன் தலைவன் கொடும்பாளூர் இளவரசன். கொடும்பாளூர் மூவர்கோயிலை ஒருநாளும் கண்டறியாத தொலைவூர் இளைஞனும் அவ்வூர்ப் பெயரையும் அவ் வேளிர்குடியையும் அறிந்தது எவ்வாறு? கல்வெட்டறிக்கையைப் படித்தா? கதையைப் படித்தன்றோ!

அதே மாவட்டத் தலைநகரின் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் உள்ளது. கிருட்டிணமூர்த்தி, தோரதி என்னும் ஆசிரிய இணையர் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தொகுத்த அதன் நூல்கள் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்டன. முதற்பதிப்புகள் அவற்றுட் பல. அத்தகைய நூலடுக்கின் முன்னின்று பழைய கதைநூல்களை ஆண்டுவரிசைப்படி எடுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். தமிழின் முதற் புதினமாகிய வேதநாயகம் பிள்ளையின் நூல் 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் பெயர் தாங்கி வந்தது. இன்று 'சரித்திரம்' என்று நூலுக்குப் பெயரிடுவார் அரியர். 'வரலாறு' அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இம்மாற்றம் தானாக நிகழவில்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளும் அவர்வழி நின்றோரும் எழுதியும் பேசியும் நிகழ்த்தியது அது.

அவ்வடிகள் கதையை இகழ்ந்தவரா? இல்லை. 1911இலேயே 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் புதினத்தை எழுதினார். அது இரெயினால்சு என்னும் ஆங்கிலக் கதையாசிரியரின் நூலைத் தழுவியது. இரெயினால்சு புலவர் போற்றிய எழுத்தாளர் அல்லர். இங்கிலாந்தின் எளிய மக்கள் சில காசுக்கு வாங்கிப் படித்த பரபரப்புக் கதைகளின் ஆசிரியர். பின்னர் 1921இல் அடிகள் வெளியிட்ட 'கோகிலாம்பாள் கடிதங்கள்', ஒரு பெண் தன் காதலனுக்கு வரையும் மடல்களாகவே அமைந்த காதற் புதினம். இயக்கத்தின் முதல்வரே துணிந்து இறங்கிய களத்தை வழிவந்தோர் இழிந்தது என்று விட்டு விலகினர். விட்ட இடம் வெற்றிடமாக இராது. பிறர் வந்து நிரப்பினர். இன்றைய கலப்புநடைக்கு எழுதினோர் மட்டும் பொறுப்பல்லர், எழுதாதோரும் பொறுப்பாவர்.

இனி மூவகைப் புதினங்களையும் தனித்தனியே நோக்குக.

துப்பறி புதினத்தின் உயிர் விறுவிறுப்பு. சொல் சுருங்க வேண்டும். முடிச்சு இறுக வேண்டும். விடை இறுதிவரை ஒளிந்திருக்க வேண்டும். விடுகதையை விளையாட்டாகவே வளர்த்த தமிழுக்கு இது அயலான கலை அன்று. 'கல்கண்டு' இதழை நடத்தி 1977இல் மறைந்த தமிழ்வாணன், தேநீர் பருகியவாறே சிக்கலை அவிழ்க்கும் சங்கர்லாலைப் படைத்தார். துப்பறிவாளர்க்கு வாய்த்தது வடநாட்டுப் பெயரே எனினும், கதை நடந்தது எளிய தமிழில். சிற்றூர்ச் சிறுவரும் அதனை விரும்பிப் படித்தனர். அவர்க்குப் பின் வந்தோருள் இராசேசுகுமார் 1500க்கு மேற்பட்ட புதினங்களை எழுதியுள்ளார். அவ்வுழைப்பை எள்ளுதல் அறமன்று. பேருந்து நிலையத்தில் காத்திருந்தோர் கையில் ஒரு தமிழ்நூலைத் தந்தது அது. எனினும் இவ்வகைக் கதைகளிற் பல, 'இன்சுபெக்டரும்' 'போசுட்மார்ட்டமும்' இன்றி ஒரு பக்கமும் நகர்வதில்லை. இதற்குத் தமிழிற் சொல் இல்லை என்று இனிக் கூறவியலாது. காவல் ஆய்வாளர், கண்காணிப்பாளர், பிணை, முன்பிணை, உடற்கூறாய்வு என நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. விடியலிற் செய்தியாக வந்த சொல், மாலையிற் கதையாக வருவதற்குத் தடை யாது?

'மக்கள் பேசுவதுபோல் எழுதுகின்றோம்' என்பது எழுத்தாளர் விடை. அவ்விடையிற் பாதி மெய். கதைமாந்தர் பேச்சு வேறு. கதையாசிரியர் கூற்று வேறு. ஆங்கிலங் கலந்து பேசும் அலுவலர் ஒருவரை அவ்வாறே பேசவிடுதல் அவரியல்பைக் காட்டும் திறமாகலாம். ஆனால், 'அவன் டோரை ஓப்பன் செய்தான்' என்று ஆசிரியரே கூறுவது எவர் இயல்பைக் காட்டுகின்றது? அது சோம்பலையே காட்டுகின்றது. இவ்வொரு வேறுபாட்டை உணர்ந்து எழுதினாலே துப்பறி புதினத்தின் கலப்பிற் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

காதற் புதினத்தின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. காதலைப் பாடுதற்கெனவே அகத்திணை என ஒரு தனிப்பிரிவு வகுத்த மொழி தமிழ். களவு, கற்பு, ஊடல், உடன்போக்கு, தோழி, தூது என்று உள்ளத்தின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் வைத்திருந்தது. அதன் வழித்தோன்றலாகிய இன்றைய காதலன் 'ஐ லவ் யூ' என்பதன்றி வேறு சொல் அறியான்! இரமணிசந்திரன் போன்றோர் இல்லத்துப் பெண்டிரைப் பெருந்தொகையினராகப் படிக்கவைத்தனர். அவர் நடை ஒப்புநோக்கக் கலப்புக் குறைந்ததே. கைப்பேசி வழியே இப்போது பெருகும் காதற்கதைகளோ சொல்லில் மட்டுமன்றிப் பொருளிலும் தாழ்கின்றன. பெண்ணை மிரட்டியும் அறைந்தும் மணப்பவனைத் தலைவன் என்றும், அவனைப் பொறுத்துக் கொள்வதே காதல் என்றும் காட்டும் கதைகள் அவற்றுட் பல. அகப்பாட்டுத் தலைவி ஊடுவாள், வாயில் மறுப்பாள், தவறிய தலைவனை நாணச் செய்வாள். நூறாண்டுக்கு முன் அடிகள் படைத்த கோகிலாம்பாளும் தன் உள்ளத்தைத் தானே எழுதிக் காட்டியவள். சொல்லைத் தூய்மை செய்துவிட்டு இப்பொருளை அவ்வாறே விட்டால், அழுக்கு நீரைப் பொற்குடத்தில் முகந்ததாகும்.

இலக்கியப் புதினத்திற்கு வருக. இங்குத்தான் தமிழன்பர் பெரிதும் தடுமாறுகின்றனர். எசு. இராமகிருட்டிணனின் 'சஞ்சாரம்' 2018இலும், சோ. தருமனின் 'சூல்' 2019இலும், தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' 2023இலும் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றன. நாகசுரக் கலைஞரின் மூச்சையும் அவர் பட்ட இழிவையும் கூறும் கதைக்குச் 'சஞ்சாரம்' எனப் பெயர் வாய்த்தது, தமிழிசைச் சொற்கள் மறைந்த வரலாற்றின் எதிரொலியே. அதற்காக அக்கலைஞர்தம் துயரைப் படியாது விடுதல் தமிழர்க்குத் தகுமோ? 'நீர்வழிப் படூஉம்' என்பதோ கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுத் தொடர். அப் பூங்குன்றம் அயல்மாவட்டமாகிய சிவகங்கையின் மகிபாலன்பட்டி என்பர். குடிநாவிதர் ஒருவரின் எளிய வாழ்வுக்குச் சங்கச் சொல்லைப் பெயராகச் சூட்டியது சிறுசெயல் அன்று.

'வட்டாரப் பேச்சு கொச்சை. அதனை அச்சிலேற்றுவது மொழிக்கேடு' என்பது தனித்தமிழார் சிலர் கொள்கை. 'சூல்' அதற்கு விடை கூறுகின்றது. அது உருளைக்குடி என்னும் சிற்றூரின் கண்மாயைச் சுற்றிப் படர்ந்த கதை. கண்மாய், மடை, கலுங்கு, மறுகால், நீர்ப்பாய்ச்சி முதலிய சொற்கள் எந்தக் குழுவும் கூடி ஆக்கியவை அல்ல. ஏரும் நீரும் அறிந்த உழவர் வாயில் வழிவழி வாழ்பவை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களின் பழங்கல்வெட்டுகளிலும் குமிழி, தூம்பு என்னும் சொற்கள் உள்ளன. கண்மாய் தூர்ந்தால் அச்சொல்லும் தூரும். கதையில் ஏறிய சொல்லோ கண்மாய் வற்றினும் வாழும். ஆகலின் ஒலி திரிந்த பேச்சைக் கண்டு அஞ்ச வேண்டா. அயற்சொல்லுக்கு இடங்கொடுப்பதே கேடு. உழவன் சொல்லுக்கு இடங்கொடுப்பது காப்பு.

இனிச் செய்யற்பாலது யாது? புதினத்தைப் பழிக்கும் கட்டுரை ஒன்றுக்கு ஈடாகத் தூய தமிழில் ஒரு கதையேனும் எழுதப்படல் வேண்டும். அக்கதையில் மாந்தர் மேடைப்பேச்சு ஆற்றலாகாது. அடுப்படியில் அடுப்படிப் பேச்சும், காவல்நிலையத்தில் அவ்விடத்துப் பேச்சும் பேச வேண்டும். மு. வரதராசனார் 'கள்ளோ காவியமோ', 'அகல் விளக்கு' முதலிய புதினங்களைத் தெளிதமிழில் எழுதி இல்லந்தோறும் புகுந்தார். 'அகல் விளக்கு' 1961இற் பரிசும் பெற்றது. சுவையும் தூய்மையும் ஓரிடத்து நில்லா என்பார்க்கு அதுவே மறுப்பு. மேலும், ஊர்தோறும் நூலகத்திற் புதினம் படிப்போர் கூடி, ஒவ்வொரு நூலிலும் கதை எத்தகையது, ஆசிரியர் கூற்றில் தமிழ் எத்தகையது என இரண்டையும் எடைபோட்டு ஆசிரியர்க்கு எழுதலாம். படிப்போர் வேண்டுவதை எழுத்தாளர் நெடுநாள் மறுத்தல் இயலாது.

அரியணையிலும் அவையிலும் இடம் இழந்த நாளிலும் தமிழ் அழியவில்லை. பாட்டி கூறிய கதையில் அது வாழ்ந்தது. இன்று பாட்டியின் இடத்தில் புதினம் அமர்ந்துள்ளது. அது பேரப்பிள்ளைக்கு எம்மொழியிற் கதை கூறப்போகின்றது என்பதே தமிழர் முன்னுள்ள வினா.