வீட்டுக் கடனோடு இன்சூரன்சு: தனி ஆளுக்குத் தேவையா?

தனிநபர் ஆயுள் இன்சூரன்சு பாலிசிகளுக்கு இருந்து வந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் அடியோடு நீக்கப்பட்டது. பிரீமியம் கட்டுவோருக்கு இது நல்ல செய்தி. ஆனால் வீடு வாங்கக் கடன் கேட்டுப் பாங்கிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சலுகை தனிநபர் பாலிசிக்கு மட்டுமே. குழு இன்சூரன்சுக்குக் கிடையாது. வீட்டுக் கடனோடு ஒட்டி விற்கப்படும் இன்சூரன்சு பெரும்பாலும் குழு பாலிசி வகையைச் சேர்ந்தது.

மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாடகை அறையில் இருந்துகொண்டு, பத்து ஆண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பத்லாப்பூரிலோ நாலாசோப்பாராவிலோ ஒரு சிறிய பிளாட் வாங்கும் தமிழர்கள் ஏராளம். அவர்களில் திருமணம் ஆகாத ஆண்களும் பெண்களும் உண்டு. கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போடும் நாளில் கடைசிக் காகிதமாக இன்சூரன்சு விண்ணப்பம் வருகிறது. "இதிலும் ஒன்று போடுங்கள்" என்கிறார்கள். பிரீமியத்தைக் கடனிலேயே சேர்த்துவிடுவதால், கையை விட்டுப் பணம் போவது தெரிவதில்லை.

எவ்வளவு போகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய் கடன், 20 ஆண்டு, எட்டரை சதவீத வட்டி. மாதத் தவணை சுமார் 26 ஆயிரம் ரூபாய். ஒரே தடவையில் கட்டும் பிரீமியம் 1 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதையும் கடனில் சேர்த்தால் மாதம் 1,041 ரூபாய் கூடுகிறது. 240 மாதம் கட்டி முடிக்கும்போது அந்தப் பிரீமியம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய் ஆகிவிடுகிறது!

பாங்கிகள் பொருந்தாத இன்சூரன்சை விற்பது கடன் வாங்குவோரின் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது என்று மத்திய நிதி மந்திரி நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் மும்பையில் நடந்த பாங்கி மாநாட்டில் குறைப்பட்டுக் கொண்டார்.

வீட்டுக் கடன் வாங்குகிறவர் ஆயுள் இன்சூரன்சு எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படியானால் தனி ஆளுக்கு அது வேண்டாமா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிடவும் முடியாது.

கடனை யார் சுமப்பது?

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் அவருடைய தாய் தகப்பனிடம் பாங்கி பாக்கியை வசூலிக்குமா? இறந்தவரின் சொத்து எந்த அளவுக்கு வாரிசுகள் கைக்கு வந்ததோ, அந்த அளவுக்கே அவர்கள் பொறுப்பு. ஊரில் இருக்கும் அவர்களுடைய சொந்த நிலத்தைப் பாங்கி தொட முடியாது. ஆனால் சம்பளம் போதாது என்று தம்பியையோ தகப்பனாரையோ கூட்டாகக் கையெழுத்துப் போட வைத்திருந்தால் கதை வேறு. ஜாமீன் போட்டவருக்கும் அப்படியே. கடன் முழுவதும் அவர்கள் தலையில் விழும்.

எனவே கூட்டுக் கையெழுத்தோ ஜாமீனோ இருந்தால், கடன் தொகைக்குக் குறையாமல் இன்சூரன்சு எடுப்பதே நியாயம். ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பி, அதில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது என்றாலும் வேண்டியதுதான். பாரத்தில் 'தனி ஆள்' என்று எழுதியிருந்தாலும் தங்கையின் படிப்பும் தாயாரின் மருந்தும் அவர் சம்பளத்தில் நடந்தால் அவர் தனி ஆள் அல்ல. அவர் கடனை மட்டும் பார்த்தால் போதாது. ஊருக்கு அனுப்பும் பணத்தையும் சில ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

யாருமே அவரை நம்பி இல்லை, பெற்றோருக்குப் பென்ஷன் இருக்கிறது, கையெழுத்து அவருடையது மட்டும் என்றால்? வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியை வாரிசு எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் இது எளிது. நடப்பில் இடையே ஒரு சிக்கல் இருக்கிறது. தவணை 90 நாள் நின்றால் அது வாராக்கடன். 2002-ம் ஆண்டுச் சட்டப்படி பாங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வீட்டை எடுத்து ஏலம் விடலாம். திருமணம் ஆகாத இந்து ஆண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து தாய்க்குப் போகும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு தாய், மராத்தியும் இந்தியும் தெரியாமல், மும்பைக்கு வந்து வாரிசுப் பத்திரம் வாங்கி, சொசைட்டியில் பெயர் மாற்றி, வீட்டை நல்ல விலைக்கு விற்க இந்த ஐந்து மாதம் போதுமா? ஏலத்தில் போனால் கிடைத்த விலைதான்.

அந்தத் தாய்க்குத் தேவை 30 லட்சம் அல்ல. அவகாசம்தான். ஓராண்டு, இரண்டாண்டுத் தவணையைக் கட்டும் அளவுக்குப் பணம் இருந்தால் போதும். அது பலருக்கு ஏற்கனவே இருக்கிறது. பி.எப். பிடிக்கப்படும் ஊழியர் வேலையில் இருக்கும்போது இறந்தால், அதோடு சேர்ந்த இன்சூரன்சில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதற்கு ஊழியர் சம்பளத்தில் தனியாகப் பிடித்தம் கிடையாது. பாங்கிக் கணக்கு மூலம் எடுக்கும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும். பி.எப். கணக்கில் யார் பெயரை நியமித்திருக்கிறோம் என்று பார்த்து எத்தனை பேருக்கு எத்தனை காலம் ஆயிற்றோ!

கட்டிமுடியாத பிளாட் வாங்குகிறவர் மட்டும் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. பாதியில் நிற்கும் கட்டிடத்தை விற்று யாரும் கடன் அடைக்க முடியாது. சாவி கைக்கு வரும் வரையாவது அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும்.

எந்தப் பாலிசி?

எடுப்பது என்று முடிவானால், பாங்கி நீட்டும் பாலிசியை விடத் தனியாக எடுக்கும் டெர்ம் பாலிசியே மேல் என்பது நம் கருத்து. கடனோடு ஒட்டிய பாலிசிகளில் பெரும்பாலானவற்றில் இன்சூரன்சுத் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவு முதல் நாளே போட்ட அட்டவணைப்படி நடக்கும். கடனோ அப்படிக் குறைவதில்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை ரிசர்வ் பாங்கி 2023 பிப்ரவரிக்குள் ஆறரை ஆக்கியபோது, பலருடைய கடன் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பாக்கி மெதுவாகக் குறைய, இன்சூரன்சு வேகமாகக் குறைந்தது. தனி பாலிசியில் தொகை குறையாது. வேறு பாங்கிக்குக் கடனை மாற்றினாலும் பாலிசி கூடவே வரும்.

வருமான வரி மிச்சமாகும் என்று சொல்வார்கள். புதிய வரி முறையில் பிரீமியத்துக்கு விலக்கு கிடையாது. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரை சம்பாதிக்கும் குமாஸ்தாவுக்கு வரியே இல்லை. பிறகு எதை மிச்சம் பிடிப்பது?

சாவுக்கு முன் வரும் ஆபத்து

முப்பது வயதுக்காரர் சாவதை விட, நோயில் படுப்பதும் வேலை இழப்பதும்தான் அதிகம் நடக்கக்கூடியவை. ஆயுள் இன்சூரன்சு அதற்கு ஒரு காசு தராது. 21 ஆயிரம் ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ.யில் ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கிறது. அதற்கு மேல் வாங்குகிறவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தனி ஆளின் வீட்டில் இன்னொரு சம்பளமும் இல்லை. ஆறு மாதத் தவணைப் பணத்தைத் தனியே போட்டு வைப்பதும், மருத்துவ இன்சூரன்சும்தான் அவருக்கு முதல் தேவை. பத்லாப்பூரில் இருந்து தினமும் மின்சார ரெயிலில் வருகிறவர் விபத்து இன்சூரன்சையும் விடக் கூடாது. 2025 ஜூன் 9-ந் தேதி மும்ரா அருகே நெரிசலில் பயணிகள் தவறி விழுந்து உயிர்கள் போயின. ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமரின் சுரக்ஷா திட்டத்தில் விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஏற்பட்டாலோ 2 லட்சம் கிடைக்கும்.

கட்டிட இன்சூரன்சு வேறு விஷயம். அதைத் தனி ஆளும் எடுக்க வேண்டும். கடன் பத்திரத்திலேயே பெரும்பாலும் அந்த நிபந்தனை இருக்கும். 2019 ஜூலையில் வாங்கணி அருகே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி நின்றதைப் பத்லாப்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருக ரக்ஷா' பாலிசி தீ, வெள்ளம், பூகம்பம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதில் மனையின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை. திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு எடுத்தால் போதும். ஆகவே பிரீமியம் குறைவு. சொசைட்டி கட்டிடம் முழுவதற்கும் எடுத்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு, இன்சூரன்சு உள்பட எல்லாச் செலவையும் காட்டும் 'முக்கிய விவர அறிக்கை'யைப் பாங்கி கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கி உத்தரவு. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கேட்கலாம். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இன்றிப் பிறகு வசூலிக்க முடியாது. ஏற்கனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். எழுதிக் கொடுக்க வேண்டியது இன்சூரன்சு கம்பெனிக்கு. நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.