துணைவேந்தரும் நெய்வேலியாரும்



2025-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவார் ஒரு விதி நகலை வெளியிட்டு, 30 நாளைக்குள் பொது ஜனங்கள் அபிப்பிராயம் சொல்லலாம் என்றார்கள். அந்த நகல்படி துணைவேந்தரைத் தேடும் மூவரில் ஒருவர் வேந்தராகிய கவர்னரின் ஆள். ஒருவர் மானியக் குழுவின் ஆள். ஒருவர் பல்கலைக்கழகத்தின் ஆள். பணம் கொடுத்து நடத்துகிற மாநில சர்க்காருக்கு ஆளே கிடையாது! பந்தி போடுகிறவனுக்கு இலை இல்லையென்றால் இது எந்த ஊர் நியாயம்?

ஜனவரி 9-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபை இதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. அது மாத்திரம் போதாதென்பதே நமது அபிப்பிராயம். 1976-ல் 42-வது திருத்தத்தால் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது நெருக்கடி நிலைக் காலம். ஜனங்கள் வாய் திறக்க வழியில்லை. இன்று வழியிருந்தும் திறக்காவிட்டால் குற்றம் யாருடையது?

நெய்வேலிக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சுரங்கத்துக்கு வயலையும் வீட்டையும் கொடுத்த கிராமத்தாரின் பிள்ளைகளுக்குப் படிப்பு ஒன்றுதான் மிச்சமுள்ள சொத்து. பக்கத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-ல் மாநில சர்க்கார் ஏற்றுக்கொண்டது. அதே வருஷம் நெய்வேலி நிறுவனப் பங்குகளை டில்லி விற்கப் புறப்பட்டபோது தொழிலாளத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் மாநில சர்க்கார் ஸ்தாபனங்களே அப்பங்குகளை வாங்கின. பங்குக்குக் குரல் கொடுத்தவர்கள் படிப்புக்குக் கொடுக்கலாகாதா?

நிலக்கரி பூசை போட்டதால் மேலே வரவில்லை, தோண்டியதால் வந்தது. உரிமையும் அப்படியே. ஆகவே, இனி டில்லியிலிருந்து எந்தக் கல்வி மசோதா வந்தாலும், வட்டந்தோறும் கூட்டம் கூட்டி, அதைத் தமிழில் விளக்கி, தவணைக்குள் ஆட்சேபணையை எழுதி அனுப்பவேண்டும். பார்லிமெண்டு மெம்பரிடமும் ஒரு பிரதி கொடுக்கவேண்டும். "கேட்டோம், யாரும் ஆட்சேபிக்கவில்லை" என்று அவர்கள் எழுதிக்கொள்ள இடங்கொடுக்கக் கூடாது.