புது மைக் வாங்கினால் தோடி வந்துவிடுமா?

உப்பளத்தில் எங்கள் தெருவில் நாதஸ்வரம் வாசிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். நல்ல ஊது, நல்ல விரலடி. மாடி அறையில் தானே பதிவு செய்கிறான். மேல் ஸ்தாயிக்குப் போனால் ஒலி கிழிகிறது. போன வாரம் புது கண்டென்சர் மைக்கும் புது இன்டர்ஃபேஸும் மாதத் தவணையில் வாங்கிவந்து காட்டினான். “பழசு லோக்கல்ணா, எல்லாரும் அதத்தான் சொன்னாங்க” என்றான். யார் அந்த எல்லாரும்? கடைக்காரர், பேண்டு செட் நண்பர்கள், அட்டைப்பெட்டியைப் பிரிப்பதையே வீடியோவாகப் போடும் ஆசாமிகள். புதுசில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினான். முன்பைவிடத் துல்லியமாகக் கிழிந்தது.

கிழியாமல் என்ன செய்யும்? பழைய டைனமிக் மைக்கைவிடக் கண்டென்சர் மைக் பல மடங்கு பலமான சிக்னலை அனுப்பும். கெயின் குமிழ் பழைய இடத்திலேயே நிற்கிறது. மைக்கோ நாதஸ்வரத்தின் வாயான அணசுக்கு ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே. இன்டர்ஃபேஸுக்குள் ஒலியை எண்ணாக மாற்றும் சில்லுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்கு மேலே போகும் அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். பிறகு மென்பொருளில் ஃபேடரை இறக்கினால் கிழிந்த ஒலி மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். குமிழை இடப்பக்கம் திருப்ப நயாபைசா செலவில்லை. செலவில்லாத வைத்தியத்தை நம்மூரில் யார் நம்புகிறார்கள்?

நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டைக் கேளுங்கள். 78 சுழற்சித் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷ சொச்சம். வாசிக்க வாசிக்க மெழுகில் வெட்டியாக வேண்டிய காலம். திருத்த வழியில்லை, பிழை என்றால் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்தத் தோடியில் கீறல் இரைச்சல் இருக்கிறது, ஊசியின் சரசரப்பு இருக்கிறது, நாதம் மட்டும் கிழியவில்லை. அவருக்கு எந்த மாடல் இன்டர்ஃபேஸ் கொடுத்தார்கள்? எத்தனை மாதத் தவணை? இசைத்தட்டுக் கம்பெனிக்கு வெள்ளைக்கார இன்ஜினியர்கள் இருந்தார்களே என்பீர்கள். இருந்தார்கள். மைக்கை எங்கே வைப்பது, வித்வானை எவ்வளவு தள்ளி உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு கடையில் அட்டைப்பெட்டிக்குள் வருவதில்லை. திறந்த வெளியில் தூரத்தை இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலியால் கொஞ்சம் குறைவாகக் குறையும். மைக்கை நாலடி தள்ளி வைக்கச் சொன்னால், “ரூம் சவுண்டு வரும்ணா” என்கிறார்கள். வரட்டுமே! பாயை, மெத்தையைச் சுவரோரம் நிறுத்து. நாதஸ்வரம் ஒன்றும் காதோடு ரகசியம் பேசும் வாத்தியம் இல்லை.

இன்னொரு கோஷ்டி உண்டு. மீட்டர் சிவப்பைத் தொட்டால்தான் ‘சவுண்டு’ வரும் என்பது இவர்கள் மதம். டேப் காலத்து வழக்கம் இது. நாடாவில் இரைச்சல் இருந்தது, அதை அமுக்க மேலே ஏற்றினார்கள். இன்று 24 பிட் பதிவின் வீச்சு ஏட்டுக் கணக்கில் 144 டெசிபல். சிடியின் 16 பிட்டுக்கே 96. உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்குமாறு பதிவு செய்தால் போவது இரண்டு பிட். அந்த இரண்டு பிட்டைக் காப்பாற்றப்போய்த்தான் முழு ஆலாபனையையும் பலி கொடுக்கிறார்கள். ராஜரத்தினம் பிள்ளைக்கு ஒரு பிட்டும் கிடையாது, தோடி நிற்கிறது.

சிவப்பே எரியாமலும் கிழியும். அப்போது கோளாறு முன்னால் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். கீபோர்டின் லைன் அவுட்டை மைக் துளையில் செருகியிருப்பார்கள். பேட்டரி போட்ட பிக்கப் உள்ள கிடாரை ‘இன்ஸ்ட்’ பொத்தானை அமுக்கிவிட்டு வாசிப்பார்கள். கணினியின் மைக் துளையில் நேரடியாகச் செருகுகிறவர்களுக்கு விண்டோஸ் தன் பங்குக்கு 20, 30 டெசிபல் ‘மைக்ரோஃபோன் பூஸ்ட்’ சேர்த்து உபகாரம் செய்திருக்கும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கப் பொறுமை வேண்டும். கடன் அட்டை தேய்க்க அது வேண்டாம்.

பணம் கொட்டினால் கிழியாது என்பவர்கள் மெட்டாலிக்கா 2008-இல் வெளியிட்ட ‘டெத் மேக்னடிக்’ ஆல்பத்தைக் கேட்கட்டும். அவர்களிடம் இல்லாத மைக்கா? கிழிந்துதான் வந்தது. சத்தம் பெரிதாக வேண்டும் என்று அலையை அரக்கி எடுத்தார்கள், ரசிகர்களே சண்டைக்குப் போனார்கள். இன்று யூடியூப் அளவுக்கு மீறிய சத்தத்தைத் தானே இறக்கிவிடுகிறது. ஆக, வீணான வன்முறை.

இந்தச் சத்தப்பித்து பதிவறையோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு எதற்கு மைக்? ஊருக்கே கேட்கப் பிறந்த வாத்தியத்தின் வாயில் மைக்கைச் செருகி, தவிலுக்கு இரண்டு மைக் போட்டு, மூன்றாள் உயரப் பெட்டியில் அலறவிட்டு, பந்தியில் சாம்பார் கேட்க ஜாடை காட்ட வைக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாதாம். திருவிழா மாதத்தில் இதைப் படித்தால் நகைச்சுவைத் துணுக்கு போல இருக்கிறது. சத்தத்திலேயே வளர்ந்த காதுக்குக் கிழிசல்தான் சங்கீதம் என்று படுகிறதோ என்னவோ.

“இன்னொரு மைக் வேண்டாம் தம்பி, கெயினை இறக்கி, நாலடி தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு வா” என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் கடைக்காரர் எங்கேனும் இருந்தால் சொல்லுங்கள். ஒன்றும் தேவையில்லாவிட்டாலும் அவரிடம் போய் ஒரு கேபிளாவது வாங்குகிறேன்.