பச்சை வண்ணம் பூசினால் போதுமா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ளது மாகறல். அவ்வூர்ப் பக்கத்து இளைஞர் சிலர் சென்ற மாதம் ஒரு மனுவோடு எம்மிடம் வந்தனர். படையிலிருந்து கழிக்கப்பட்ட பழைய டாங்கி ஒன்றைக் கேட்டுப் பெற்று, சீர்செய்து, சாலை முனையில் மேடை கட்டி நினைவுச்சின்னமாக நிறுத்த வேண்டுமாம். எல்லாச் சமயத்தாரும் கையொப்பமிட்டுவிட்டனர், பங்குக் குருவும் இட வேண்டும் என்றனர். நாம் இடவில்லை. அன்று நாம் சொன்ன மறுமொழி சுருக்கமாக இருந்தது. சினமாகவும் இருந்தது என்று பின்னர்க் கேள்விப்பட்டோம். ஆதலால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சாமியார் போரை வெறுப்பவர், படைவீரரையும் மதிக்காதவர் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டைப் படித்தவர் அப்படிப் பேசமாட்டார். நகரங்களை மக்களோடு அழிக்கும் போரை வன்மையாகக் கண்டித்த அதே ஏடு, நேர்மையோடு நாட்டுக்குப் பணிபுரியும் படைவீரரை மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் ஊழியர் என்றே மதிக்கிறது. எமது வழக்கு வீரரோடு அன்று; வீரரை மறைத்து நிற்கும் இரும்போடு.

அதே 1965ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆவடியிலிருந்து முதல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்து வடிவமைப்பு, உழைப்பு நம்மவருடையது. ஏறத்தாழ 39 டன் எடை, 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நால்வர். வெயில் காலத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நால்வர் எப்படி அமர்ந்திருந்தனரோ! இன்று அவ்வண்டிகள் ஓய்வு பெற்றுப் பாசறை வாயில்களிலும் பூங்காக்களிலும் நிற்கின்றன. காட்சிக்கு வைக்கும் வண்டியின் பீரங்கியைச் செயலிழக்கச் செய்வர், மூடிகளைப் பற்றவைப்பர், பிறகு பச்சை வண்ணம். குடியரசு நாள் வந்தால் மீண்டும் ஒரு பூச்சு. அது எந்தப் படைப்பிரிவில் இருந்தது? போர்முனையைக் கண்டதா, பயிற்சித் திடலிலேயே ஆயுளைக் கழித்ததா? உள்ளே இருந்த நால்வர் எவர்? கேட்டுப் பாருங்கள், சொல்லுவார் அரிது.

இதைச் சீரமைப்பு என்று சொல்ல எமக்கு மனம் வரவில்லை. தொழில் அறிந்தவர் பழைய வண்டியை வேறு விதமாகக் கையாளுவர். முதலில் உடலில் பொறித்த எண்ணைத் தேடி, அதைப் படைப்பிரிவின் பதிவேட்டோடு ஒப்பிடுவர். மேல் வண்ணத்தைச் சுரண்டி, அடியிலுள்ள பூச்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பிரிவின் சின்னம் எங்கே இருந்தது என்று காண்பர். குண்டு துளைத்த இடம் இருந்தால் அதை அடைக்கமாட்டார். துளையை அடைத்து வண்ணம் பூசுவது சாட்சியின் வாயை அடைப்பதற்கு ஒப்பாகும். உக்ரைன் நாட்டின் கீவ் நகரத்தில் 2022ஆம் ஆண்டு எரிந்துபோன ரஷ்ய டாங்கிகளைப் பொதுச் சதுக்கத்தில் வைத்தபோது, எரிந்தவற்றை எரிந்தபடியே வைத்தனர். பகைவனை இகழவே வைத்தனர் என்றாலும், பார்த்தவனுக்குப் போர் என்றால் என்னவென்று விளங்கியிருக்கும்.

பச்சை வண்ணம் பூசிய டாங்கி எதைப் போதிக்கும்? 2017ஆம் ஆண்டு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், மாணவர்க்கு நாட்டுப்பற்றை ஊட்ட ஒரு டாங்கி வேண்டும் என்று துணைவேந்தரே கேட்டார். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் களத்தில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை நிறுத்தியவர்களுள் ஒருவர் அப்துல் ஹமீது. அவர் டாங்கியில் இருந்தவரல்லர். ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு சென்று அக்களத்திலேயே மடிந்தார். பரம்வீர் சக்கரம் பின்னர் வந்தது. கைப்பற்றிய பாட்டன்களோ வெற்றிப் பொருள்களாகப் பல ஊர்களுக்கும் சென்றன. அவற்றின்மீது ஏறி விளையாடும் பிள்ளைக்கு ஜீப்பில் சென்றவரைப் பற்றி யார் சொன்னார்?

ஈழத்தின் ஆனையிறவில் இதைவிட நெஞ்சை உறுத்தும் ஒரு சின்னம் இருக்கிறது. மண் தள்ளும் புல்டோசர் ஒன்றுக்கு இரும்புக் கவசம் போர்த்தி, 1991 ஜூலையில் விடுதலைப் புலிகள் படைமுகாமின் மீது ஏவினர். காமினி குலரத்ன என்னும் சிங்களச் சிப்பாய் கைக்குண்டுகளோடு அதன்மீது ஏறி, அதை நிறுத்தித் தாமும் மாண்டார். அவ்வண்டி இன்று அவருடைய நினைவுச்சின்னமாக நிற்கிறது. அவருடைய துணிவை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் அந்த முற்றுகையில் இரு பக்கமும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வண்டியை ஓட்டி வந்தவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. அச்சின்னம் அவர்களுக்காக எழுப்பப்பட்டதன்று. வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் நாளை எசாயா கண்டார். மண்ணைக் கிளறும் கருவி போர்க்கருவியாகி, அப்படியே காட்சிப்பொருளாகவும் ஆனதை நாம் கண்டோம்.

தொலைவுக்கு ஏன் போக வேண்டும்? காஞ்சிக்கு அருகில் உள்ள புள்ளலூரில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27 அன்று நடந்த போரில் மடிந்த கும்பினி அதிகாரிகள் இருவர்க்கு எழுப்பியவை. அதற்கு முந்தின ஆண்டு, செப்டம்பர் 10 அன்று, அதே வட்டாரத்தில் ஐதர் அலியும் திப்புவும் கும்பினித் தளபதி பெய்லியின் படையை நொறுக்கினர். அப்படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்கள். அன்று வெடித்துச் சிதறிய வெடிமருந்து வண்டியை இன்றும் காணலாம், சீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரோவியத்தில். வண்டிக்குக் கிடைத்த இடம்கூட அச்சிப்பாய்களின் பெயர்களுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நூற்றாண்டுக்குப் பின் நாமும் அதே கணக்கைத்தான் எழுதப் போகிறோமா?

எமது பங்கில் ஒரு விதவைத் தாய் இருக்கிறார். கணவர் 1987ஆம் ஆண்டு இந்திய அமைதிப்படையோடு இலங்கை சென்றவர், திரும்பவில்லை. அப்படித் திரும்பாதவர் ஏறத்தாழ 1,200 பேர். ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவுத் திருப்பலியில் பெயர்களை வாசிக்கும்போது அந்தப் பெயர் வரும்வரை அவர் தலை நிமிர்வதில்லை. டாங்கி வரப்போகும் செய்தியை அவரும் கேள்விப்பட்டிருந்தார். “அதுல அவரு பேரு இருக்குமா, சாமி?” என்றார். மனுவை மீண்டும் எடுத்துப் படித்துப் பார்த்தோம். மேடையின் உயரம் இருந்தது, வண்ணத்தின் செலவு இருந்தது, திறப்பு விழாவுக்கு அழைக்கப்பட வேண்டியவர் பட்டியல் இருந்தது.

இளைஞரை மறுபடி அழைத்துப் பேசினோம். டாங்கி வேண்டாம் என்று சொல்லவில்லை. சுற்று வட்டாரத்து ஊர்களிலிருந்து படைக்குச் சென்று திரும்பாதவரின் பெயர்களை வீடு வீடாகச் சென்று எழுதி வாருங்கள். வரும் வண்டியின் எண்ணையும் அதன் பிரிவையும் கேட்டு எழுதி வாருங்கள். இரண்டையும் தமிழில் கல்லில் வெட்டுவதாக மனுவில் சேருங்கள். முதல் கையொப்பம் எமதாக இருக்கும் என்றோம். ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர்கள் போயிருக்கிறார்கள். சென்ற ஞாயிறு வரை நான்கு பெயர்கள் கிடைத்திருக்கின்றன. ஐந்தாவது வீடு பூட்டியிருந்ததாம், மறுபடி போக வேண்டும் என்றார்கள்.