மூடினால் போதுமா, திறந்தால் தீருமா?



மதுவிலக்கு நமக்குப் புதுசு இல்லை. 1937-ல் ராஜாஜி அதைச் சேலத்தில் கொண்டுவந்தார். 1971-ல் கடைகள் திறந்தன. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக்கே நடத்துகிறது.

"கடையை மூடினா கள்ளச்சாராயம் வரும்" என்பார்கள். கடை திறந்திருந்தபோதுதானே 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்? காசு போதாதவன் பாக்கெட் சாராயத்தைத் தேடினான். அதில் கலந்திருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாகி, கண்ணைப் பறித்து உயிரையும் குடிக்கும். 2016 முதல் மதுவிலக்கு உள்ள பீகாரிலும் 2022-ல் சாரண் மாவட்டத்தில் இதே சாவுதான்.

ஆகவே பூட்டு மட்டும் போதாது. அதற்காகத் திறந்தே கிடக்கட்டும் என்று சொல்ல என்னால் முடியாது. சாயங்காலக் கூலி வீடு வந்து சேர்ந்தால்தான் எங்களைப் போன்ற வீடுகளில் பரீட்சைக்குப் பணம் கட்ட முடியும். கடைகள் படிப்படியாகக் குறையட்டும். மெத்தனால் விற்பவன் பிடிபடட்டும். குடியை நிறுத்த அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் கிடைக்கட்டும்.

1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் நம் புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். சட்டம் போட்டா கற்றார்கள்? ஊர் கூடியது, நடந்தது. நம்ம ஊர்ல கடை வேணுமா என்று கிராம சபையில் முதலில் அந்தப் பெண்களைக் கேளுங்கள்!